வேக்கோவில் பார்த்த வீடுகளும் கொசப்பேட்டையில் பூசிய சுவரும்

வேலூர் கொசப்பேட்டையில் என் மாமனாரின் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. அதை இடித்துவிட்டு மாடி மாடியாக எழுப்பலாமா, பழுதுபார்த்துக் குடியிருக்கலாமா என்று நானும் என் கணவரும் நாலு வருஷம் பேசிக்கொண்டே இருந்தோம். 2021 நவம்பர் மழையில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. அதே மழையில் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்துபோனார்கள். அன்று ராத்திரி கூடத்து மச்சிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு அண்டாவை வைத்துவிட்டு இரண்டு பேரும் முன்னறையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவானது அன்றைக்குத்தான்.

அடுத்த வருஷம் மகளைப் பார்க்க டெக்சஸ் போனோம். டாலஸ் பக்கத்தில் இருக்கிறாள். "அம்மா, இடிக்கிறதப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாரு" என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினாள். ஃபிக்ஸர் அப்பர் என்று பெயர். சிப் கெய்ன்ஸ், ஜோவன்னா கெய்ன்ஸ் என்ற தம்பதி, வேக்கோ என்ற ஊரில் பழைய வீடுகளை எடுத்துப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். 2013-இல் ஒரு முன்னோட்டமும், 2014 முதல் 2018 வரை ஐந்து தொடர்களுமாக எச்ஜிடிவி என்ற அமெரிக்கச் சேனலில் வந்தது. வீடு வேண்டும் என்று வருகிறவர்களுக்கு மூன்று பழைய வீடுகளைக் காட்டுவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் இடிப்பு, மரவேலை, பெயின்ட் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் பழைய வீட்டின் பிரம்மாண்டமான படம் ஒன்றை வாசலில் நிறுத்தி, அதை இரண்டாகப் பிரித்துத் தள்ளுவார்கள். பின்னால் புது வீடு நிற்கும். சொந்தக்காரர்கள் அழுவார்கள், எனக்கும் கண் கலங்கும்.

இருபது பகுதியாவது பார்த்திருப்பேன். ஒரு கட்டத்தில், என் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் ஏன் என்றுகூடக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் மகள் வேக்கோவுக்கே கூட்டிக்கொண்டு போனாள். வேலூரிலிருந்து சென்னை போகிற தூரம், ஒன்றரை மணி நேரம்.

பிரேசோஸ் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் அது. 1870-இல் திறந்த தொங்கு பாலம் ஒன்று இன்னும் நிற்கிறது. ஊரின் நடுவில் பழைய பருத்திவிதை எண்ணெய் ஆலை ஒன்றின் இரண்டு குதிர்கள், ஒவ்வொன்றும் 120 அடி உயரம். அந்த வளாகத்தை அந்தத் தம்பதி வாங்கி 2015 அக்டோபரில் கடையும் புல்வெளியுமாகத் திறந்த பிறகு, நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நிகழ்ச்சியில் வந்த வீடுகளைச் சுற்றிக் காட்ட வேன் வைத்து ஆட்களே இருக்கிறார்கள். அப்படி ஒரு வேனில்தான் நாங்கள் ஏறினோம்.

வேனை ஓட்டியபடியே பேசிக்கொண்டு வந்தது அந்த ஊர்ப் பெண்மணி. முதலில் சொன்னதே இதுதான்: யாரும் இறங்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, இங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. பல வீடுகளுக்கு முன்னால் வேன் நின்றது ஒரு நிமிஷம்தான். ஒரு வீட்டு வாசலில் குழந்தைகளின் சைக்கிள் இரண்டு சாய்ந்து கிடந்தன. இன்னொரு வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்த ஊஞ்சலைக் காணோம், அந்த இடத்தில் துணி காயப்போடும் கம்பி இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. கேமரா போன பிறகு அந்த வீடுகளில் துணி துவைத்துக் காயப்போட்டு மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

போகப் போக அந்தப் பெண்மணியிடம் நான் கேள்விகளாகக் கேட்டுத் தள்ளினேன், மகள் மொழிபெயர்த்தாள். நிகழ்ச்சியில் சொல்லும் செலவில் அந்த அழகான சோபாவும் விளக்குகளும் சேராது என்று தெரிந்தது. படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து வைப்பார்கள், வேண்டியதை வீட்டுக்காரர் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். திரையில் நமக்குப் பிடித்துப்போவதில் பாதி அந்தச் சாமான்தான். அதற்குப் பிறகு எந்த வீட்டுப் படத்தைப் பார்த்தாலும் மேசை, நாற்காலி, திரைச்சீலை, பூச்சாடி எல்லாவற்றையும் மனசால் எடுத்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்கப் பழகிக்கொண்டேன்.

வரிசையாக அறைக்குப் பின்னால் அறை என்று, நம்ம ஊர் ரயில் பெட்டி வீடு மாதிரி ஒன்றைக் காட்டினார். நிகழ்ச்சியில் அதை 28,000 டாலருக்கு வாங்கிப் புதுப்பித்தார்கள். மொத்தமே சுமார் ஆயிரம் சதுர அடி. 2017-இல் அதே வீடு 9,50,000 டாலர் விலை சொல்லி விற்பனைக்கு வந்தது. நாங்கள் விற்கப் போவதில்லை என்பதால் அது எனக்கு உதவாத கணக்கு. என் மனசில் தங்கியது அவர் சொன்ன வேறு விஷயம். வேக்கோ பக்கத்து மண் கரிசல். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அதில் நிற்கிற பழைய வீடுகளுக்கு அஸ்திவாரத்தைச் சரிசெய்வதற்கே பெரும்பணம் போகும். திரையில் அது சில விநாடி வந்து போகும்.

அந்த வருஷம் எங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. அதே தம்பதி புதுப்பித்த ஒரு பழைய கல் மாளிகையை 2022 ஜூலை முதல் அக்டோபர் வரை மட்டும் பொதுமக்களுக்கு உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டினார்கள். காட்டன்லேண்ட் கேசில் என்பார்கள். 1890-இல் ஒருவர் கட்டத் தொடங்கி, பாதியில் விட்டு, இன்னொருவர் கையில் 1913-இல் முடிந்த கட்டடம். கூட வந்தவர்கள் எல்லோரும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் கல் சுவரின் அடியில் குனிந்து ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. இவர்கள் முதலில் தண்ணீரை நிறுத்திவிட்டுத்தான் மற்றதைச் செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

இன்னும் ஒரு விஷயம், பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம் என்பதால், அதைச் சுரண்டுவதற்கு விதிமுறை உண்டு. அந்த விதியைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று, இந்த நிகழ்ச்சியை நடத்தியவர்களின் நிறுவனமே 2018-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் 40,000 டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. வேக்கோவில் வேறு வீடுகளின் ஈயப் பெயின்டை அகற்ற 1,60,000 டாலர் செலவிடவும் ஒத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சியிலேயே அந்த ஆபத்தை எடுத்தும் சொன்னார்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். எங்கள் வீட்டு ஜன்னல்களில் அறுபது வருஷத்துப் பச்சை எனாமல் அடுக்கடுக்காக இருக்கிறது. என் பேரனுக்கு அப்போது நாலு வயசு, கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற பிள்ளை. மகள் இதை வாசித்துச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நவம்பரில் ஊர் திரும்பினோம். மழைக்காலம். வேலையை உடனே தொடங்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. பழைய வீட்டைத் தொடப் போகிறவர்கள் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வீட்டோடு இருந்து பாருங்கள். நான் ஏணி வைத்து ஏறி, மச்சில் எங்கெங்கே சொட்டுகிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதினேன். டிசம்பர் முடிவில் பதினோரு வட்டம். அதில் எட்டு வட்டம் ஒரே வரிசையில், மேற்குச் சுவரை ஒட்டி இருந்தன. மாடி முழுக்க ஒழுகுகிறது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம். பழுது ஒரு சுவர் ஓரத்தில்தான் இருந்தது.

அதோடு, வேக்கோவில் செய்ததையே நம்ம ஊரில் செய்யலாம் என்று தோன்றியது. புதுப்பித்த வீடுகளை ஒரு சுற்று சுற்றி வருவது. அங்கே வேனுக்குள்ளிருந்து பார்த்தோம். இங்கே உறவும் பழக்கமுமாக இருப்பதால் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுப்பார்கள். நாலு மாதத்தில் ஆறு வீடு பார்த்தோம். என் கருத்தில், ஒரு செங்கல்லை எடுப்பதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இது. போகும்போது ஒரு நோட்டு, ஒரு டார்ச், ஒரு டேப் போதும். கட்டி முடித்து மூன்று வருஷமாவது ஆன வீடாகத் தேடுங்கள். கிரகப்பிரவேசத்தன்று எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "வீடு எப்படி இருக்கு?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் "பிரமாதம்" என்றுதான் வரும். செலவழித்தவருக்குக் குறை சொல்ல மனசு வராது. வீட்டைக் கூட்டித் துடைக்கிறவரிடம் கேளுங்கள். காட்பாடி காந்தி நகரில் என் சித்தி மகள் வீடு. தொலைக்காட்சியில் வருவது போலவே சமையலறைச் சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தோடு சேர்த்திருந்தார்கள். பார்க்க விசாலமாக, ரொம்ப அழகு. வேலைக்கு வருகிற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "கூடத்து ஃபேனைப் பாருங்கம்மா" என்றார். ஸ்டூலில் ஏறி இறக்கையின் மேல்பக்கம் விரலை வைத்தேன். பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து மெழுகு போல விரலோடு வந்தது. தினமும் இரண்டு வேளை தாளிப்பும் வாரத்துக்கு ஒருநாள் கறிக்குழம்பும் நடக்கிற வீடு. சுவர் இருந்திருந்தால் அந்தப் புகை சமையலறை ஜன்னலோடு போயிருக்கும். எங்கள் கூடத்துச் சுவரைப் பற்றி நான் போட்டிருந்த திட்டம் அந்த ஸ்டூலின் மேலேயே கைவிடப்பட்டது.

வாலாஜாபேட்டையில் இன்னொரு வீட்டில் அதே போல ஒரு சுவரை எடுத்ததில், மேலே மாடிச் சுவரில் கோணலாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பழைய வீடுகளில் கான்கிரீட் தூண் கிடையாது. எல்லாச் சுவரும் எதையாவது தாங்கிக்கொண்டுதான் நிற்கும். கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எதையும் எடுக்கக் கூடாது. அதே வீட்டில் முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். மார்ச் மாதம் பதினோரு மணிக்கே உள்ளே அடுப்பங்கரை மாதிரி காந்தியது. 42, 43 டிகிரியைத் தாண்டுகிற ஊர் நம்முடையது, சுற்றிலும் கல்மலை வேறு. சூடு மேலே போக முற்றம் திறந்திருக்க வேண்டும்.

வேலப்பாடி வீட்டைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பையன் படித்தவன், ரசனை உள்ளவன். பழைய சுவரின் பூச்சை முழுக்க உரித்துவிட்டுச் செங்கல் தெரிய விட்டிருந்தான். படத்தில் பார்த்தால் மயங்கிவிடுவோம். நேரில், சுவர் ஓரமாகத் தரையில் சிவப்புப் பொடி ஒரு கோடாகக் கிடந்தது. காலையில் பெருக்கினால் சாயங்காலம் மறுபடியும் கிடக்குமாம். சுவரைத் தடவினேன், உள்ளங்கை முழுக்கச் செம்மண். அந்தக் காலத்து நாட்டுச் செங்கல், மண் சாந்தில் வைத்துக் கட்டியது. சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறவரைதான் அதற்கு வாழ்வு. வேக்கோ வீடுகளிலும் இதே கதை உண்டு. சுவர் முழுக்கப் பலகை பலகையாகத் தெரிய விடுவார்களே, ஷிப்லாப் என்று, அது உண்மையில் மேலே துணி அடித்துக் காகிதம் ஒட்டுவதற்காக உள்ளே வைத்த மரம். மறைந்திருக்க வேண்டியதை அவர்கள் வெளியே காட்டினார்கள், அது மோஸ்தராகிவிட்டது. மரம் தாங்கும். நம்ம செங்கல் தாங்காது. எங்கள் மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னார்: "டீச்சரம்மா, அது பூச்சுக்குன்னே கட்டுன சுவரு. துணியில்லாம நிக்க வெச்சா குளிரும் வெயிலும் தின்னுடும்."

அந்த மேஸ்திரி கிடைத்ததும் இந்தச் சுற்றில்தான். நம்ம வேலூர் சைதாப்பேட்டையில் நூறு வருஷம் போல ஆன ஒரு வீடு. பளபளப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மதியம் ஒரு மணிக்கு உள்ளே போனதும் உடம்பு சிலிர்க்கிற குளிர்ச்சி. சுவர் காய்ந்து வெள்ளையாக இருந்தது, ஒரு மூலையில்கூட உப்புப் பூக்கவில்லை. யார் செய்தது என்று கேட்டு, அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டுதான் காபியைக் குடித்தேன்.

வேலை தொடங்கியது 2024 தையில். ஒரு வருஷம் எதில் போயிற்று என்று கேட்பீர்கள். பத்திரத்தில் போயிற்று. வீடு மாமனார் பெயரில் இருந்தது. இரண்டு நாத்தனார்களுக்கும் அதில் பங்கு உண்டு. "உனக்கில்லாததா, நீ செஞ்சுக்கோ" என்று இருவருமே வாய்விட்டுச் சொன்னார்கள், அது மனசாரச் சொன்னதுதான். ஆனாலும் இருபது லட்சம் போட்ட பிறகு அடுத்த தலைமுறையில் பேச்சு வரக் கூடாது. மதிப்பை விசாரித்து, அவர்களுக்கு உரியதைக் கொடுத்து, விடுதலைப் பத்திரம் பதிவு செய்து, பட்டாவை மாற்றிய பிறகுதான் கடப்பாரையை எடுத்தோம். தொலைக்காட்சியில் இந்தப் பகுதி வரவே வராது. நம்ம ஊரில் முதல் வேலை இதுதான்.

இரண்டாவது வேலை மச்சு. மெட்ராஸ் ஒட்டு என்று சொல்வார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்கு வாட்டத்தில் நிறுத்தி வைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்துக் கெட்டித்து, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்த கூரை. அதன் மேல் எண்பதுகளில் யாரோ சொன்னார்கள் என்று மூன்று அங்குலத்துக்குச் சிமென்ட் கான்கிரீட் போட்டிருந்தார் மாமனார். ஒழுகல் நிற்கும் என்று நம்பி. கூடுதல் சுமைதான் ஏறியது. அது வெடித்து, வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் போயிருந்தது.

மேஸ்திரி ஏணியில் ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழைகிற முனையில் உளியை வைத்துக் குத்திப் பார்த்தார். நல்ல தேக்கில் உளி நிற்கும், இறங்காது. மேற்குச் சுவர் ஓரம் வந்ததும் ஒரு கட்டையில் உளி பிடிவரை போயிற்று. வெளியே எடுத்தபோது கூடவே காபித்தூள் மாதிரி மரத்தூள் கொட்டியது. நான் போட்ட பென்சில் வட்டத்துக்கு நேர் கீழே அந்த இடம். கீழிருந்து பார்த்தால் அந்தக் கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. பதினாலு கட்டையில் மூன்று போயிருந்தது. அந்த மூன்றுக்கும் அடியில்தான் நாங்கள் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம்.

சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து, சிமென்ட் கான்கிரீட்டைக் கையால் பெயர்த்து எடுத்தார்கள். இயந்திரம் வைத்தால் அதிர்ச்சியில் கீழே உள்ள ஒட்டும் ஆடிவிடும், கூலி கூடினாலும் கைவேலைதான் சரி. மூன்று கட்டைக்கு, இடித்த வீடுகளின் மரம் விற்கிற கடையில் பழைய தேக்கையே தேடி எடுத்தோம். புதுமரம் போல அது வளையாது. மேலே மறுபடியும் சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு, தண்ணீர் வடிய நல்ல வாட்டம். உங்கள் வீட்டில் பழைய மச்சு இருந்தால், ஒழுகுகிறது என்று மேலே எதையாவது ஏற்றாதீர்கள். முதலில் கட்டை முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சுவரில் ஓதம், அதாவது சுவரில் ஏறுகிற ஈரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்துப் பழைய வீடு ஒவ்வொன்றிலும் இதே தப்பு நடந்திருக்கிறது. நான் 1984-இல் கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி உள்ளே போகிறோம். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது வெளியே வந்து நின்று, அதைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் தெருவில் அதற்குள் எல்லாம் உயர்ந்துவிட்டது.

தெருத் தண்ணீர் சுவர் அடியில் நின்றால் செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் என்ன செய்தோம்? ஓதம் தெரிகிறது என்று நாலடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினோம். வாயை மூடினது போல ஆயிற்று. ஈரம் அதற்கு மேலே ஏறி, ஐந்தடியில் உப்பாகப் பூத்தது. அங்கேயும் சிமென்ட் பூசியிருந்தால் ஆறடிக்குப் போயிருக்கும்.

இந்த முறை அடியிலிருந்து தொடங்கினோம். வாசலுக்கு வெளியே கம்பி மூடியோடு ஒரு சின்னக் கால்வாய், வாசற்படியை ஒன்பது அங்குலம் உயர்த்தியது, பின்பக்கத்தில் சுவரை அணைத்துக் குவிந்திருந்த மண்ணை வெட்டி இறக்கியது. வீட்டுத் தரையையே உயர்த்திவிடலாம் என்று பலர் சொன்னார்கள். வேண்டாம் என்றார் மேஸ்திரி. அப்படிச் செய்தால் சுவரில் இன்னும் இரண்டடி மண்ணுக்குள் போய், ஓதம் இரட்டிப்பாகும். பிறகு சிமென்டை உரித்து, சுவரை மூன்று மாதம் சும்மா காயவிட்டோம். வெயில் காலத்தை அதற்கென்றே ஒதுக்கினோம். உறவுக்காரர்கள் வந்து "இன்னும் வேலை முடியலையா" என்று கேட்கும்போதெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னோம்.

சுண்ணாம்பை வேக வைத்த கல்லாக வாங்கித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டோம். கொதிக்கும், தெறிக்கும். அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள், வேலை செய்கிறவருக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். கண்ணில் பட்டால் பார்வை போகும். நாங்கள் மூன்று வாரம் ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துக் குழைத்துப் பூசினோம். வீடு முழுக்க ஒரு வாரம் அந்தக் கடுக்காய் வாசனை இருந்தது. என் கணவர் சின்ன வயசில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வாசனை இது என்று சொல்லிச் சொல்லிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

ஒயரிங்கைப் பூச்சுக்கு முன்னால் முழுக்க மாற்றினோம். தனி எர்த் குழி, கசிவு மின்சாரம் வந்தால் தானே விழுகிற சுவிட்ச், இரண்டும் கட்டாயம். பூசுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும், டேப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்து வைத்தேன். குழாய் எங்கே, ஒயர் எங்கே, தரையிலிருந்து எத்தனை அடி என்று எல்லாம் படத்தில் இருக்கிறது. போன மாதம் சாமி படத்துக்கு ஆணி அடித்தபோது அதைப் பார்த்துத்தான் அடித்தோம்.

ஜன்னல் பெயின்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடவில்லை. தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டச் சொன்னேன். கீழே பிளாஸ்டிக் விரித்து, சுரண்டினதை அன்றன்றைக்கே சுருட்டிக் கட்டினோம். பெயின்டர் தம்பிக்கு முதலில் இது வீண்வேலை என்று பட்டது. ஈயத்தைப் பற்றிச் சொல்லி, "உன் வீட்டுலயும் சின்னக் குழந்தை இருக்கு, இந்தத் தூசி உன் சட்டையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவும்பா" என்று நான் சொன்ன பிறகு, வேலை முடிந்ததும் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். முகமூடியும் போட்டுக்கொண்டான்.

பணக் கணக்கு. முதலில் போட்ட மதிப்பீடு 16 லட்சம். முடிந்தது இருபத்தொன்றரை லட்சத்தில். கூடுதலாகப் போனதில் பெரும்பங்கு கட்டைகளும் கால்வாயும் ஒயரிங்கும். ஒன்றுகூட வருகிறவர்கள் கண்ணில் படாது. நல்லவேளையாக, வேக்கோவிலேயே அஸ்திவாரக் கதையைக் கேட்டுவிட்டு வந்ததால் நாலு லட்சத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தோம், அதுவும் போதவில்லை. சமையலறை அலமாரியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினோம். பணம் குறைந்தால் பார்வைக்குத் தெரிகிற வேலையைத் தள்ளுங்கள், மச்சையும் தண்ணீரையும் தள்ளாதீர்கள். சனிக்கிழமைக் கூலியை ஒரு வாரம்கூட நிறுத்தாதீர்கள். கூலி நோட்டு இரண்டு பிரதி, ஒன்று மேஸ்திரியிடம், ஒன்று நம்மிடம். எட்டு மாதத்தில் எங்களுக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை.

டிசம்பரில் ஃபெங்கல் புயல் மழை வந்தது. அன்று ராத்திரி பழக்கத்தில் அண்டாவைக் கூடத்துக்கு எடுத்துவந்தார் என் கணவர். பென்சில் வட்டங்களின் மேல் பூச வேண்டாம் என்று இரண்டை மட்டும் விட்டு வைத்திருந்தோம். டார்ச் அடித்து அந்த இரண்டையும் மணிக்கொரு தரம் பார்த்தோம். காய்ந்தே இருந்தன. மூன்று மணிக்கு அண்டாவை உள்ளே வைத்துவிட்டுப் படுத்தோம்.

இப்போது எங்கள் வீட்டையும் பார்க்க வருகிறார்கள். குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம், ஆற்காட்டிலிருந்து ஒரு வயசான தம்பதி. வந்ததும் முதலில் பின்கட்டுக் குளியலறைக்குப் பக்கத்து மூலைக்குத்தான் கூட்டிப்போகிறேன். அங்கே ஓரடி உயரத்துக்கு ஓதம் இன்னும் இருக்கிறது. பழைய குழாய் ஒன்று சுவருக்குள் கசிகிறது என்பது எங்கள் கணிப்பு. அதைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லி டார்ச்சைக் கொடுக்கிறேன், பிறகுதான் கூடம். மழை முழுக்க ஓய்ந்து சுவர் காயட்டும், பொங்கல் கழித்து அந்த மூலையை உடைத்துப் பார்க்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். சுண்ணாம்புக் கல் இரண்டு மூட்டை வாங்கி, ஈரம் படாமல் மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறோம்.